நாயின் முன்பாதி

எங்கள் பிரிவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அத்தியாயம் சார்' என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். சுங்கத் தீர்வைப் புத்தகத்தில் உலகத்துப் பொருள்களையெல்லாம் அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பீங்கானுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று. கப்பலில் வந்து இறங்குகிற ஒரு பொருள் எந்த அத்தியாயத்தில், எந்த எண்ணின் கீழ் வரும் என்று முடிவு செய்து உத்தரவு எழுதுவது அவருடைய வேலை. அதிலும் வீட்டு அலங்காரப் பொருள்கள்தான் அவர் பங்கு. பூச்சாடி, போட்டோ ஃபிரேம், மெழுகுவர்த்தித் தண்டு, சுவரில் மாட்டுகிற மணி, மேசையில் வைக்கிற பொம்மை. எதைக் கையில் கொடுத்தாலும் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்ப்பார், விரலால் ஒரு தட்டுத் தட்டுவார், "எந்த அத்தியாயம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார்.

நான் அவருக்கு எதிர்மேசை. பதிவேடு எழுதுகிறவள். பத்தொன்பது வருஷம் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் கொஞ்சம் இல்லை என்பார். வீட்டில் மாமியார், நாத்தனார், இரண்டு மகள்கள் என்று எப்போதும் சந்தைக்கடை. அங்கே வாயைத் திறக்க இடம் கிடைக்காமல் ஆபீசுக்கு வந்தால், எதிரே ஒரு கல்லுளிமங்கன். காலையில் "வணக்கம்", மாலையில் "வரேன்". நடுவில் எட்டு மணி நேரம் பீங்கானைத் தட்டுகிற சத்தம்.

வேலையில் மட்டும் ஆள் சூரர், அதை மறுக்க மாட்டேன். ஒருமுறை பீங்கான் கோழி ஒன்று வந்தது, வயிற்றில் கடிகாரத்தோடு. கொண்டுவந்தவர்கள் அது கோழிப் பொம்மைதான் என்று சாதித்தார்கள். இவர் கடிகாரம் என்றார். "கோழியை எடுத்துட்டாலும் மணி தெரியும். கடிகாரத்தை எடுத்துட்டா கோழி வயித்துல ஓட்டைதான் மிஞ்சும்" என்றார். அவ்வளவுதான், உத்தரவு முடிந்தது. எதை எடுத்துவிட்டால் ஒரு பொருள் அந்தப் பொருளாக இருக்காது என்று பார்ப்பார். இந்த வழக்கம் அவருக்கு ஆபீசோடு நிற்கவில்லை. எங்கள் மேலதிகாரியின் மகள் கல்யாணத்துக்குப் போனவர், சாப்பிடக்கூடப் போகாமல் பரிசுகள் வைத்த மேசைப் பக்கம் நின்று, "இது எழுபது. இது அறுபத்தொம்பது. இது பூச்சாடி மாதிரி ஏமாத்துது, விளக்கு" என்று அத்தியாய எண்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அக்கா என்னிடம் வந்து, "யாருங்க அவரு, விலை போட வந்தவரா?" என்று கேட்டாள். எனக்கு மானம் போயிற்று.

அவருடைய வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போயிருந்தேன், அவருடைய அம்மா இறந்தபோது. மூன்றாவது மாடி, படிக்கட்டை ஒட்டி ஒன்றரை அறை. சுவரில் ஆறு ஆணிகள் இருந்தன. முன்பு குடியிருந்தவர்கள் அடித்தது. ஒன்றில்கூட எதுவும் மாட்டவில்லை. அலமாரியில் ஒரு பொம்மை கிடையாது, ஜன்னலில் ஒரு தொட்டி கிடையாது. "பகல் முழுக்க அதையேதானே பாக்கறேன்" என்றார். அம்மா போனபிறகு அந்த வீட்டில் பேச ஆள் இல்லை. தங்கை ஒருத்தி கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்ட்டியாண்ணா?" என்று கேட்பாள். இவர் சாப்பிட்டேன் என்பார். அதோடு அந்த மாதத்துச் சொந்தபந்தம் முடிந்தது.

ஓய்வு பெற இருபத்தொரு நாள் இருந்தபோது, என்னிடம் அவராக வாயைத் திறந்து ஒன்று சொன்னார். "மேடம், எனக்கு வேலை போறது பயமில்ல. காலைல ஒம்போது மணிக்கு அந்த வீட்டுல நான் இருப்பேன் பாருங்க, அதுதான் பயம். அந்த நேரத்துல அந்த வீட்டை நான் பாத்ததே இல்ல." அப்போது அவர்மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீரே தேடிக்கொண்டது, அனுபவியும் என்று மனசுக்குள் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குப் பதினோரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் பிரிவில் ஒரு விதி உண்டு. உத்தரவு எழுதுகிற அதிகாரி, விண்ணப்பிக்கிறவரைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. பார்த்தால் கை நீளும், கை நீண்டால் எண் மாறும் என்று மேலிடத்துக்குப் பயம். விண்ணப்பமும் மாதிரிப் பொருளும் கவுண்டரில் வாங்கி உள்ளே வரும். உத்தரவு உறையில் போட்டு வெளியே போகும். அதில் அதிகாரியின் பெயர் இருக்காது, எண் மட்டும். இவர் அதிகாரி எண் பதினான்கு.

துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சி இருந்தது. வியாபாரிகளுக்காகச் சுங்கக் காகிதங்களைத் தயார் செய்து கொடுக்கிற இடம். அங்கிருந்து வரும் விண்ணப்பங்களை ஒரு பெண் எழுதினாள். நாங்கள் அவளுக்கு 'மனுக்காரம்மா' என்று பெயர் வைத்திருந்தோம். அவளைப் பார்த்தவர்கள் எங்களில் யாருமில்லை. ஆனால் எழுத்தை எல்லோருக்கும் தெரியும். உருண்டையாக, வரிசை பிசகாமல், பள்ளிக்கூட நோட்டு மாதிரி. ஏழு வருஷம் மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்துகொண்டிருந்தன. மற்றவர்கள் "பொம்மை, ஒன்று" என்று எழுதி விடுவார்கள். அவள் பொருளை உட்கார வைத்து வரைந்த மாதிரி எழுதுவாள்.

ஒருமுறை கம்பிக் கூண்டில் பிளாஸ்டிக் குருவி. அதற்கு இப்படி எழுதியிருந்தாள்: 'கை தட்டினால் கூவும் என்று அட்டையில் உள்ளது. இங்கே நாங்கள் ஐந்து பேர் தட்டியும் கூவவில்லை. கூவாத குருவிக்கும் கூவும் குருவிக்கும் எண் ஒன்றுதானா என்று தெரிவிக்கவும்.' நம் ஆள் அதை எடுத்துக்கொண்டு மாதிரி அறைக்குள் போனார். அரை மணி நேரம் கழித்து உள்ளிருந்து கை தட்டுகிற சத்தம், அப்புறம் குருவிச் சத்தம். வெளியே வந்து உத்தரவில் எழுதினார்: 'மின்கலம் தலைகீழாக இருந்தது. சரிசெய்தபின் ஒருவர் தட்டியதற்கே கூவியது.' எழுதிவிட்டுப் பல் தெரியச் சிரித்தார். பத்தொன்பது வருஷத்தில் நான் அதைப் பார்த்தது அந்த ஒருமுறைதான். அதற்குப் பிறகு மனுக்காரம்மாவின் காகிதம் வந்தால் அடியில் கிடந்தாலும் அதைத்தான் முதலில் உருவி எடுப்பார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பேன்.

இப்போது அவருடைய இன்னொரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தில் பத்துக் கட்டங்கள். முதல் எட்டு, பொருள் என்ன, எதனால் ஆனது, எப்படி வந்திருக்கிறது என்பவை. ஒன்பதாவது, இறக்குமதியின் நோக்கம். பத்தாவது, விலை. இவர் எந்த விண்ணப்பம் வந்தாலும் எட்டாம் கட்டத்துக்குக் கீழே மடித்து, நகத்தால் அழுத்தி, கிளிப் போட்டுவிடுவார். வேலைக்கு வந்த புதிதில் எவனோ ஒன்பதாம் கட்டத்தில் 'அனாதை இல்லத்துக்கு' என்று எழுதியிருக்கிறான். இவர் மனசு இளகிக் குறைந்த தீர்வை எண்ணைப் போட, சாமான் கடைவீதியில் விற்பனைக்குத் தொங்கியிருக்கிறது. மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். "ஒம்போதாம் கட்டம் கதை எழுதற இடம் மேடம். பொருளைப் பாத்தா போதும், கதை வேணாம்" என்பார். இது எனக்குத் தெரியும். மடிப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் உத்தரவு எழுதி முடித்தபிறகாவது ஒருமுறை பிரித்துப் பார்ப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். யார்தான் பார்க்க மாட்டார்கள்? நானாக இருந்தால் முதலில் அதைத்தான் படிப்பேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மனுக்காரம்மாவிடமிருந்து ஒரு மாதிரி வந்தது. அலமாரியில் புத்தகங்கள் சாயாமல் இரண்டு பக்கமும் நிறுத்துவார்களே, அந்தத் தாங்கி, பீங்கானில். நாய் வடிவம். இடது பக்கத் தாங்கி நாயின் பின்பாதி, வலது பக்கத் தாங்கி முன்பாதி. நடுவில் புத்தகங்களை வைத்தால் நாய் புத்தகங்களுக்குள் நுழைந்து வெளியே வருகிற மாதிரி இருக்கும். வந்தது முன்பாதி மட்டும். பழுப்புநிற முகம், ஒரு காது மடங்கி, நாக்கு லேசாக வெளியே. வயிற்றோடு சுவர் வைத்த மாதிரி வெட்டியிருந்தது. பிரிவே கூடிச் சிரித்தது. இவர் திருப்பிப் பார்த்தார், தட்டினார், காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினார்.

'புத்தகத் தாங்கியின் ஒரு பக்கம் மட்டும் வந்துள்ளது. ஒற்றையாக இது எதையும் தாங்காது. எனவே பயன்பாட்டுப் பொருளாகக் கருத இயலாது. பீங்கான் அலங்காரப் பொருள்.'

உத்தரவு எழுதியபின் காகிதங்கள் என்னிடம் வரும். பத்துக் கட்டத்தையும் பிரித்து நான் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றிய கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். அன்று ஒன்பதாம் கட்டத்தில் அதே உருண்டை எழுத்தில் இது இருந்தது:

'விற்பனைக்கு அல்ல. இது ஜோடியில் ஒன்று. முகம் அதிகாரி எண் பதினான்கின் மேசைக்கு. வால் என் மேசையில் இருக்கிறது. உங்களுக்குக் குடும்பம் இருந்தால் இந்தக் கட்டத்தைப் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், சனிக்கிழமைகளில் நாலு மணிக்கு மேல் துறைமுக வாசலுக்கு எதிரே உள்ள படிப்பகத்தில் இருப்பேன். எந்தச் சனிக்கிழமையானாலும் சரி.'

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அடுத்தவர் கடிதத்தைப் படித்துவிட்ட கூச்சம். ஒரு பெண்பிள்ளை வெட்கத்தை விட்டு இவ்வளவு எழுதியிருக்கிறாள். இந்த மனிதர் அதைப் படித்துவிட்டு, 'ஒற்றையாக எதையும் தாங்காது, வெறும் அலங்காரம்' என்று பதில் எழுதியிருக்கிறார். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வேண்டாமென்றால் வேண்டாம், அதை இப்படியா முகத்தில் அடித்த மாதிரி சொல்வது? பதிவேட்டில் 'விற்பனைக்கு அல்ல' என்று மட்டும் ஏற்றினேன், டிக் போட்டேன். உத்தரவு உறை சாயங்காலம் நாலு மணிவரை என் மேசையில்தான் கிடந்தது. எதிரே அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிற நான் அன்றைக்கென்று பெரிய மனுஷியாகிவிட்டேன். நமக்கென்ன வந்தது என்று உறையை அனுப்பிவிட்டேன்.

மாதிரியைத் திரும்ப வாங்க யாரும் வரவில்லை. நாயின் முன்பாதி மாதிரி அறை அலமாரியில் உட்கார்ந்து கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மனுக்காரம்மாவிடமிருந்து இன்னும் இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. 'பூச்சாடி, ஒன்று.' 'ஃபிரேம், நான்கு.' அவ்வளவுதான் எழுத்து. அப்புறம் வேறு யாரோ கிறுக்கலாக எழுத ஆரம்பித்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து இவர் என்னிடம் கேட்டார். "அந்த மனுக்காரம்மா எழுதறதே இல்லையே மேடம். ஏன்னு தெரியுமா?"

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எதுக்கு எழுதணும் சார்? எழுதி என்ன கிடைக்கப் போகுது?" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா எழுதுவாங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். என்ன நடிப்பு என்று நினைத்தேன்.

இதுதான் என் கோபத்தின் கதை. இப்போது அந்த இருபத்தொரு நாளுக்கு வருகிறேன்.

ஓய்வு பெறுகிற அதிகாரி தன் பெயரில் இருக்கும் மாதிரிகளை ஒழித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பத்து வருஷம் தாண்டியும் யாரும் கேட்காத பீங்கானை ஒரு இரும்புப் பீப்பாயில் போட்டுச் சுத்தியலால் உடைப்பார்கள். உடைக்க ஒருவர் வந்திருந்தார், வாயில் துணி கட்டிக்கொண்டு. இவர் பட்டியலைப் படிப்பார், நான் பழைய கோப்பை எடுத்துக் கொடுப்பேன், அவர் உடைப்பார். பூச்சாடிகள், கிண்ணங்கள், பாதிரிக்குல்லா போட்ட ஒரு தவளை. அரை நாளில் பீப்பாய் நிறைந்தது.

நாயின் முறை வந்தது. உடைக்கிறவர் அதைக் கையில் எடுத்து, "சார், இது உங்களையே பாக்குது" என்றார்.

இவர் பட்டியலைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "இதுக்கு இறக்குமதியே நடக்கல போல. சாமான் வந்ததுக்குப் பில் இல்ல. அப்படின்னா நோக்கம் என்னன்னு எழுதாம உடைக்க முடியாது. கோப்பைக் கொடுங்க மேடம்."

கொடுத்தேன். இப்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்வார் பார்க்கலாம் என்று குரூரமாக ஒரு ஆசை எனக்கு. பதினோரு வருஷம் கிளிப் இருந்த இடத்தில் துரு பிடித்திருந்தது. நான் டிக் போட்டுவிட்டுப் பழையபடி மடித்து வைத்திருந்தேன். அவர் மடிப்பைப் பிரித்தார். பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டு படித்தார்.

பேனா அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். உதடு அசைந்தது. மூன்றாவது தடவை விரலை வரிக்கு வரி ஓட்டிப் படித்தார். இந்த மனிதர் இதை இன்றைக்குத்தான் படிக்கிறார்.

"இதை உடைக்காதீங்க" என்றார் உடைக்கிறவரிடம். பிறகு யாரிடமும் இல்லாமல், "எந்தச் சனிக்கிழமையானாலும் சரின்னு எழுதியிருக்காங்க" என்றார்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். நான் படித்தேன் சார், அன்றைக்கே படித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நாலு வீட்டுப் பேச்சைப் பேசுகிற வாய், அதற்கு மட்டும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை போயிருக்கிறார். திங்கட்கிழமை அவரே சொன்னார். படிப்பகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். இருந்தாலும் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை எதிர்ப்பக்கம் நின்றாராம். "எதுக்கு சார் நின்னீங்க, கடைன்னு தெரிஞ்சப்புறம்?" என்று கேட்டேன். "எந்தச் சனிக்கிழமையானாலும்னு எழுதியிருக்காங்களே" என்றார்.

அன்று மதியமே அரை நாள் விடுப்பு எழுதிவிட்டு ஏஜென்சிக்குப் போனார். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக விதியை மீறினார். அங்கே ஒரு வயதான கணக்கர் இருந்தாராம். "அந்தம்மாவா? மனு எழுதறதைப் பத்து வருஷம் முன்னாடியே விட்டுட்டுக் கணக்குப் பக்கம் வந்துட்டாங்க. வேலையை விட்டு ரெண்டு வருஷமாச்சே. கல்யாணமும் பண்ணிக்கல. வெளியூர்ல தங்கச்சி வீட்டோட போயிட்டாங்க. மேசையில இருந்த எல்லாத்தையும் எங்களுக்கே குடுத்துட்டுப் போனாங்க, ஒரு நாய் வாலைத் தவிர. அதை மட்டும் துணியில சுத்தி எடுத்துக்கிட்டாங்க. நாங்ககூடக் கேலி பண்ணினோம்" என்றாராம்.

இதை என்னிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அறுபது வயது ஆளின் முகம் இல்லை அது. "எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க மேடம்" என்று மறுபடி சொன்னார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடிகூட எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க."

மறுநாள் என்னிடம் வெற்று விண்ணப்பம் ஒன்று கேட்டு வாங்கினார். கணக்கர் கொடுத்த முகவரிக்கு எழுதத்தான். கடிதம் எழுத அவருக்குத் தெரியாது, விண்ணப்பம் தெரியும். எட்டுக் கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டு ஒன்பதாம் கட்டத்தில் எழுதினார். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். மூன்று நாள் எழுதினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை. மடிக்காமல், பெரிய உறையாக வாங்கிப் போட்டார். பதில் முகவரி என்று ஆபீஸ் முகவரியை எழுதினார். அவருக்கு எல்லாக் காகிதமும் அங்கேதான் வரும், அதுதான் பழக்கம். தனக்கு ஆபீசே இன்னும் சில நாள்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தபால் வந்தால் நாம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் அவர் பேசினார். "அந்தக் குருவி ஞாபகம் இருக்கா மேடம்?" என்பார். "வெளியூர் பஸ் எங்கேருந்து கிளம்பும்?" என்பார். தலைமுடியை வெட்டிக்கொண்டு வந்தார். கவுண்டரில் தபால் பை வந்தால் எழுந்து நிற்பார். கடைசி நாள் வந்தது. மாலை, பேச்சு, சால்வை, எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த ஒரு கண்ணாடிப் பூச்சாடி. அதைத் திருப்பி அடியைப் பார்த்தார், எல்லோரும் சிரித்தார்கள். நாயின் முன்பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார். அதுவரை பதில் வரவில்லை.

ஒன்பது நாள் கழித்து ஒரு பெட்டி வந்தது, 'அதிகாரி எண் பதினான்கு' என்று உருண்டை எழுத்தில். கனமாக இருந்தது. கடிதம் வந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். பெட்டி வந்தால் அதற்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? அன்று சாயங்காலம் வீட்டில் சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.

கதவைத் திறந்தவர் முதலில் பெட்டியைப் பார்த்தார், அப்புறம்தான் என்னை. "வாங்க வாங்க" என்றார். அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தார். ஜன்னலுக்குப் புதுத் திரை. ஆறு ஆணிகளையும் பிடுங்கி, ஓட்டைகளைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தார். அலமாரியில் நாயின் முன்பாதி. "இருங்க, டீ போட்டுட்டு வரேன்" என்று உள்ளே போனார். பெட்டியை உடனே பிரிக்க அவருக்குத் தைரியம் இல்லை என்று எனக்குப் புரிந்தது. இரண்டு கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். ஒன்று விளிம்பு உடைந்த பழையது. அதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பெட்டியைப் பிரித்தார்.

வால். பின்னங்கால் இரண்டையும் மடக்கி உட்கார்ந்த பின்பாதி. அதோடு ஒரு காகிதம். படித்தார். படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

'உங்கள் காகிதம் கிடைத்தது. கட்டத்தைப் பார்க்கவில்லை என்று எழுதியதை நம்புகிறேன். உங்கள் உத்தரவில் தவறு இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். நாலு வருஷம் சனிக்கிழமைதோறும் போனேன், பிறகு படிப்பகத்தை மூடிவிட்டார்கள். இப்போது தங்கை படுக்கையில் இருக்கிறாள், என்னால் நகர முடியாது. முடிந்தாலும், ஒருவரைப் புதிதாகப் பழகிக்கொள்ளும் தெம்பு எனக்குப் போய்விட்டது. கோபம் எதுவும் இல்லை. இதுவும் உங்களிடம் இருந்தால் நாலு புத்தகமாவது நிற்கும். பதில் எழுத வேண்டாம்.'

அவர் வாலை எடுத்து அலமாரியில் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நடுவில் வைக்க அந்த வீட்டில் புத்தகம் இல்லை. தீர்வைப் புத்தகங்களை ஆபீசில் ஒப்படைத்துவிட்டார். இரண்டையும் ஒட்டி நகர்த்தினார். ஒரு குட்டையான முழு நாய் உட்கார்ந்திருந்தது. எந்த அத்தியாயம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அப்போது என்னால் தாங்க முடியவில்லை.

"சார், நான் அன்னைக்கே படிச்சேன்" என்றேன். "உறை என் மேசைலதான் இருந்தது. நாலு மணி வரைக்கும் இருந்தது."

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"ஒம்போதாம் கட்டத்துக்குப் பக்கத்துல உங்க சிவப்பு டிக் இருக்கே. பீங்கான் உடைச்ச அன்னைக்குப் பிரிச்சப்பவே பாத்தேன்." நாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன் மேடம் சொல்லல?"

"நீங்க படிச்சிட்டுத்தான் வேணாம்னு அப்படி எழுதிட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். "பதினோரு வருஷமா என்னைப் பத்தி அப்படியா நெனச்சிட்டிருந்தீங்க?" என்றார். "எதிர்ல உக்காந்துக்கிட்டு?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அழுகை வந்தது. அவர் எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கிவிட்டு வந்தார். கீழே தெருவில் கடைகளில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு, "டீ ஆறிடும், குடிங்க" என்றார்.

கோப்பையைத் தூக்கினேன். அடியில் ஏதோ விரலில் ஒட்டியது. அவருடைய பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது போலிருக்கிறது. கோப்பையை உயர்த்தி அடியைப் பார்த்தேன். கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு, இன்னும் கிழிக்காமல் இருந்தது. அம்மா போனபிறகு அந்த வீட்டில் ஒரே ஒரு கோப்பைதான் இருந்திருக்கிறது. இரண்டாவதை இந்த மாதம் வாங்கியிருக்கிறார். யாருக்காக வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. அதில் இருந்த தேநீரைக் கடைசிவரை குடித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.